ஒரு வாரத்துக்குப் புத்தகம் கிடையாது

அந்தத் தொடக்கப் பள்ளியின் நூலகத்தில் பதினோரு வருஷமாக ராணியும் அவள்தான், சேவகியும் அவள்தான். புத்தகத்துக்கு எண் போடுவது, முதுகில் வண்ணக் காகிதம் ஒட்டுவது, கிழிந்த பக்கத்துக்குப் பசை தடவுவது, கடைசி அட்டையில் ஒட்டிய தாளில் தேதி முத்திரை குத்துவது, எல்லாம் அவள் கைதான். அதிலும் முத்திரை குத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மைத்தட்டில் ஒரு தட்டு, தாளில் ஒரு தட்டு. தேதி கட்டத்துக்குள் நூல் பிடித்த மாதிரி விழும். அதனால் பிள்ளைகள் அவளுக்கு 'சீல் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம், பட்டப்பெயர் வைக்கிற அளவுக்காவது நம்மை மதிக்கிறார்களே என்று பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

நூலகத்துக்குள் மூன்று விதிகள். செருப்பு வெளியே. இது முதல் விதி. இரண்டாவது, வாசலை ஒட்டி மாட்டிய சின்னக் கரும்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் அவளே எழுதியது: 'எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காதவருக்கு ஒரு வாரத்துக்குப் புத்தகம் கிடையாது. கதை நேரத்தில் வாசல் பெஞ்சு.' அதற்குக் கீழே குற்றவாளி தன் பெயரைத் தானே சாக்பீஸால் எழுத வேண்டும். பூட்டி வைத்த புத்தகத்தையாவது சாவி தேடி எடுத்துவிடலாம், நாலாயிரம் புத்தகத்துக்கு நடுவில் தட்டு மாறிப் போனதை எங்கே போய்த் தேடுவது என்பது அவள் கட்சி. ஒருமுறை தலைமையாசிரியையின் அண்ணன் மகனே மாட்டினான். அவனையும் எழுத வைத்தாள். "என் பிள்ளையா இருந்தாலும் இதேதான்" என்று அன்றைக்கு ஊர் கேட்கச் சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மூன்றாவது விதி ஒரே ஒருத்திக்கு மட்டும். அவள் மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் சில்லாக உடைந்த நாளிலிருந்து வீட்டில் அந்தப் பெண்ணுக்குச் சில்லு என்று பெயர். அப்பா வைத்தது. சில்லு பள்ளியில் சேர்ந்த முதல் நாளே அம்மாக்காரி சொல்லிவிட்டாள்: "இந்தக் கேட்டுக்குள்ள நான் உனக்கு அம்மா இல்ல. டீச்சர். புரிஞ்சுதா?" மற்றப் பிள்ளைகள் ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான். சில்லுவும் புரிந்தது என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து தவறாமல் டீச்சர்தான்.

ஆனால் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் உண்டு. எல்லாரும் போனபிறகு தாயும் மகளும் தட்டுத் தட்டாகச் சரிபார்ப்பார்கள். சில்லு கழுத்தைச் சாய்த்துக்கொண்டு புத்தக முதுகுகளைப் படித்துக்கொண்டே போவாள். மஞ்சள் கதை, பச்சை மிருகம், நீலம் வானம். "டீச்சர், இது தலைகீழா இருக்கு" என்று ஒன்றை உருவுவாள்.

"பின்ன, உங்க கூட்டம் வச்சா அப்படித்தான் இருக்கும். ஒண்ணு தலைகீழா நிக்கும், இல்ல முதுகு உள்ள போயிடும். ஒழுங்கா வச்ச புத்தகம் எப்படி இருக்கணும்?"

"முதுகு நம்மளைப் பாக்கணும். ஓரம் தட்டு ஓரத்தோட ஒட்டி நிக்கணும்."

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி ஏழு மணி நேரம் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அதில்தான் மண் விழுந்தது.

இந்த வருஷம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, முகம் முழுக்கச் சிரிப்பு. செவ்வாயும் வியாழனும் வருவாளாம். கதை சொல்வாளாம், பொம்மை செய்வாளாம், பிள்ளைகளை நடிக்க வைப்பாளாம். "உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும் டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. ஒத்தாசையாம். பதினோரு வருஷமாக ஒண்டிக்கட்டையாக இழுத்த வண்டிக்கு இப்போது ஒத்தாசை. ஜன்னலோரத்து இரண்டு அலமாரிகளை நகர்த்தி, கிடைத்த மூலையில் பாய் விரித்தார்கள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் அந்தப் பெண்ணுக்குக் 'கதை அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெற்றவள் டீச்சர், வந்தவள் அக்கா. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? விதி போட்டதே அவள்தான் என்பது வேறு விஷயம்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண் கதை சொன்னால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இவளுக்கே முத்திரை குத்துகிற கை நின்றுவிடும். கிழவன் குரலில் பேசுவாள், ஆட்டுக்குட்டி குரலில் பேசுவாள், கதவு கிறீச்சிடுவதைக்கூட வாயால் செய்வாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். அந்த வாய் பிளந்த கூட்டத்தில் முதல் வரிசையில் சில்லு. கை நின்றுவிட்டது தெரிந்ததும் இவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும். வேண்டுமென்றே இரண்டு முத்திரை 'டக் டக்' என்று பலமாகக் குத்துவாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். விரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கதை அக்கா இவளிடம் மரியாதையாக வேறு நடந்துகொண்டாள். "டீச்சர், இந்தப் பசையை எடுத்துக்கலாமா? டீச்சர், நீங்க ஒட்டின மாதிரி எனக்கு ஒட்ட வரலையே" என்று குழைவாள். ஒருநாளாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சண்டை போடலாம். அதற்கும் வழியில்லை. நல்லவள்மேல் பொறாமைப்படுவது போல் கொடுமை வேறு கிடையாது. அடுத்தவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியாது.

முதலில் செவ்வாய், வியாழன் மாலைகள் போயின. பள்ளி விட்டபின் சில்லு பாய் மூலையில் போய் உட்கார்ந்து காகிதம் வெட்டினாள். பிறகு மற்ற நாள்களும் போயின. "அக்கா குடுத்த வேலை இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கு ஓடுவாள். தட்டுகளை இவள் தனியாகச் சரிபார்த்தாள். தலைகீழாக நின்ற புத்தகங்களை உருவி, யாரிடமும் சொல்லாமல் நேராக வைத்தாள்.

ஒருநாள் கதை அக்கா எல்லாரையும் 'நம்ம நூலகம்' என்று படம் வரையச் சொன்னாள். முப்பத்திரண்டு படங்கள் சுவரில் ஏறின. முப்பத்திரண்டிலும் நடுவில் கதை அக்கா, பொட்டும் துணிப்பையுமாக. எல்லாரும் போனபின் இவள் மகளின் படத்தைத் தேடிப் போய் நின்றாள். அதிலும் நடுவில் அக்காதான். ஓரத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் அடுக்கடுக்காகப் புத்தகம். புத்தகங்களுக்கு மேலே ஒரு கை மட்டும் முத்திரையோடு எட்டிப் பார்த்தது. முகம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இல்லைதான்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு விழா என்று அறிவிப்பு வந்தது. பெற்றோர்கள் வருவார்கள், நூலகத்திலேயே நடக்கும். மூன்றாம் வகுப்புக்கு 'ஜோடி தேடிய செருப்பு' என்ற பெரிய படப்புத்தகத்தைக் கதை அக்கா எடுத்துக்கொண்டாள். மழையில் ஜோடியைப் பிரிந்த ஒரு செருப்பு வீடு வீடாகப் போய்த் தேடுகிற கதை. நூலகத்தில் அதற்கு ஒரே பிரதிதான். பிள்ளைகள் பழைய செருப்புகளைக் கொண்டுவந்து, கழுவி, பொத்தானில் கண் ஒட்டி, நூலில் மீசை வைத்தார்கள். செருப்பு! பதினோரு வருஷமாக வாசல் தாண்டாத செருப்பு பாய்மேல் ஏறி உட்கார்ந்து இவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள். "கழுவினதுதானே டீச்சர்" என்று அவர் முடித்துவிட்டார்.

"நீ என்னவா வர்ற?" என்று வீட்டில் மகளைக் கேட்டாள்.

சில்லு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். "செருப்புதான் மா" என்றாள் சில்லு.

"எத்தனையாவது செருப்பு?"

"சும்மா ஒரு செருப்பு."

அவளுக்கு வயிறு எரிந்தது. நாலு வயதிலேயே எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை. நாலாயிரம் புத்தகத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. அதை ஒரு செருப்பாக நிறுத்தியிருக்கிறாள் வந்தவள். இதில் அப்பனுக்கும் மகளுக்கும் சிரிப்பு வேறு. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷன், சிரிக்கட்டும் என்று விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் சில்லு பள்ளிக்கூட விளையாட்டு ஆரம்பித்தாள். துப்பட்டாவைப் பை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, "நான்தான் கதை அக்கா. அப்பா, நீங்க பையன். பாய்ல உக்காருங்க" என்றாள். அவரும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றவள், தன்னை யாராவது கூப்பிடுவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டுத் தானே கேட்டாள்.

"நான் யாரு?"

சில்லு யோசித்தாள். "நீ அந்தப் பக்கம் உக்காந்து சீல் குத்து மா."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரிப்பது போல் வாயை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். துலக்கின பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கினாள்.

மறுநாள் புதன். கதை அக்கா வராத நாள். சில்லுவை அப்பா பல் மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தார். நாலரை மணிக்கு நூலகத்தில் ஒருவரும் இல்லை. பாய் மூலையில் 'ஜோடி தேடிய செருப்பு' கிடந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'விழாவுக்கு. யாரும் எடுக்க வேண்டாம்.' எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தது. அந்தப் பூவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திருடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூலகத்துப் புத்தகம் நூலகத்துக்குள்ளேயேதான் இருக்கப் போகிறது. ஒரு நாள், இரண்டே நாள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் பெற்றோர்கள் முன்னால் கொஞ்சம் திண்டாடட்டும். கதை சொல்வதற்கும் முதலில் ஒரு புத்தகம் வேண்டும், அதைக் காப்பாற்றி வைக்க ஒருத்தி வேண்டும் என்று நாலு பேருக்குத் தெரியட்டும். தெரிந்த பிறகு தானே தேடி எடுத்துக் கொடுத்தால் போச்சு.

சுவரோரத்து உயர அலமாரிக்குப் போனாள். மேல்தட்டில் பழைய கல்வித் துறை அறிக்கைகள், தடிதடியாக, காக்கி அட்டையில். அவற்றை யாரும் தொட்டு வருஷக்கணக்காகிறது. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இடம் பண்ணி, படப்புத்தகத்தைச் செருகினாள். இரண்டடி பின்வாங்கிப் பார்த்தாள். கொஞ்சம் உள்ளே போயிருந்தது. எக்கி, இரண்டு விரலால் இழுத்து, ஓரத்தைத் தட்டின் ஓரத்தோடு ஒட்டினாள். அப்புறம்தான் வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்றாம் வகுப்பு ஒத்திகைக்கு வந்தது. கதை அக்கா மூலையில் குனிந்து தேடினாள், பையைக் கவிழ்த்துத் தேடினாள். பிறகு மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், செருப்புப் புத்தகத்தைப் பாத்தீங்களா?"

"பதிவேட்டுல யார் பேர்லயும் இல்லையே" என்றாள் இவள், முத்திரையைத் துடைத்துக்கொண்டே. "பிள்ளைங்க எங்கயாவது மாத்தி வச்சிருக்கும்."

"உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிருக்கணும் டீச்சர். என் தப்புதான்."

இதுதான், இந்தக் குணம்தான் இவளுக்கு ஆகாது. கதை அக்கா தேடுங்கள் என்று சொன்னதும் முப்பத்திரண்டு பிள்ளைகளும் தட்டுகளில் விழுந்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று. கிடைக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு ஊறியது உண்மை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

கதை அக்கா கை தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "சரி விடுங்க. கதை எனக்கு மனப்பாடம். நானே சொல்லிடறேன். சில்லு, புத்தகம் இல்லாம நீ படிக்க முடியாதேடா. நாளைக்கு நீ ஒரு செருப்பைப் பிடிச்சுக்கோ, சரியா?"

வீட்டுப் பெயர் எப்போது பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது என்று ஒரு நொடி சுருக்கென்றது. அடுத்த நொடிதான் மீதி வார்த்தைகள் காதில் ஏறின.

"படிக்கறதா?" என்றாள் இவள். "அவ செருப்பு இல்லையா?"

கதை அக்கா உதட்டைக் கடித்தாள். "போச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தா டீச்சர். முழுக் கதையும் அவதான் படிக்கறா. செருப்பை ஆட்டறதுதான் மத்தவங்க. ஒரு மாசமா பள்ளி விட்டதும் மரத்தடியில உக்காந்து சத்தமாப் படிச்சுப் பழகினா. 'டீச்சர் நாள் பூரா புத்தகத்தைத் தூக்கிக் குடுக்கறாங்க, அவங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டறதே இல்ல' அப்படின்னு அவதான் வந்து கேட்டா."

சில்லு பாயின் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுகையை அடக்குகிறபோது உடைந்த பல்லால் கீழுதட்டைக் கடிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கடித்துக்கொண்டிருந்தாள்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். யானைக்காவது அது குளிர்ச்சி. இவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. போய் எடுத்துவிடலாம், 'அட, இங்கே இருக்கு' என்று சொல்லிவிடலாம் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஆனால் சில்லு தரையிலிருந்து பார்வையை எடுத்திருந்தாள். பழக்கம் போகுமா? கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே போனாள். கீழ்த்தட்டு, நடுத்தட்டு. உயர அலமாரிக்கு முன்னால் நின்றாள். காக்கி வரிசைக்கு நடுவில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டிய முதுகு தெரிந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், அப்போதும் எட்டவில்லை. முக்காலியின் நுனியில் கால் விரல் ஊன்றி எம்பினாள்.

எடுப்பதற்கு முன்னால் புத்தகம் நின்ற விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி மேஜைப் பக்கம் பார்த்தாள். இவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கிடைச்சிடுச்சு" என்று வகுப்பே கூவியது. கதை அக்கா ஓடிப்போய்ச் சில்லுவை இறக்கிவிட்டாள். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வகுப்புத் தலைவி என்று ஒருத்தி இருந்தாள். இரட்டைச் சடை, எட்டு வயது, நீதிபதி கெட்டார்.

"அக்கா, யாரு மாத்தி வச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும். போர்டுல பேர் எழுதணும். அதான் ரூல்."

"பரவாயில்லடா, கிடைச்சிடுச்சுல்ல" என்றாள் கதை அக்கா.

"ரூல் அக்கா" என்றாள் தலைவி. "சீல் டீச்சர் யாரையும் விட மாட்டாங்க. போன மாசம் என்னையே விடலை."

பிள்ளைகள் எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். சொல்லிவிடு என்றது ஒரு மனசு. முப்பத்திரண்டு பிள்ளைகள் முன்னாலா, அதுவும் அந்தப் பெண் முன்னாலா என்றது இன்னொன்று.

"நான்தான்" என்றாள் சில்லு.

"நீயா?" தலைவிக்கே நம்பிக்கை வரவில்லை. "உனக்கு எட்டவே இல்லையே."

"முக்காலி போட்டு வச்சேன். மறந்துட்டேன்."

"அப்போ நாளைக்கு நீ படிக்க முடியாது. வாசல் பெஞ்சு."

"தெரியும்" என்றாள் சில்லு. புத்தகத்தைக் கதை அக்கா கையில் கொடுத்துவிட்டு, கரும்பலகைக்குப் போய், சாக்பீஸை எடுத்துத் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. அதை விரலால் அழித்துவிட்டு நேராக எழுத ஆரம்பித்தாள்.

அதற்குமேல் இவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போனாள். மகளின் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். அந்த முதல் எழுத்தை உள்ளங்கையால் அழித்தாள். அதே இடத்தில், கட்டத்துக்குள் விழுகிற மாதிரி நேராக, 'சீல் டீச்சர்' என்று எழுதினாள்.

அவள் எப்போதும் கேட்கிற அமைதி அன்றைக்குத்தான் கிடைத்தது.

"நான்தான் வச்சேன்" என்றாள், கரும்பலகையைப் பார்த்தபடியே. "மறந்து வைக்கலை. வேணும்னேதான் வச்சேன்."

கடைசியில் வகுப்புத் தலைவிதான் பேசினாள். கொஞ்சம் பயந்த குரலில்.

"டீச்சர், உங்களுக்கும் ஒரு வாரத்துக்குப் புத்தகம் கிடையாதா?"

"கிடையாது."

"சீல் குத்தலாமா?"

"அது வேலை. குத்தலாம்."

வீட்டுக்குப் போகிற வழியில் தையல்கடை தாண்டினதும் இவளே ஆரம்பித்தாள்.

"நான்தான் வச்சேன்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"நாங்க வச்சா தலைகீழா இருக்கும். முதுகு உள்ள போயிருக்கும்" என்றாள் சில்லு. "அது நேரா இருந்துச்சு. ஓரம் ஒட்டி இருந்துச்சு."

ஒளித்து வைக்கும்போதுகூட ஒழுங்காக வைத்த தன் கையை அவள் பார்த்துக்கொண்டாள். "அப்புறம் ஏண்டி நீ வச்சேன்னு சொன்ன?"

"எல்லாரும் உன்னையே பாத்துட்டு இருந்தாங்க. உன் முகம் எப்படியோ ஆயிடுச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள்: "ஏம்மா ஒளிச்சு வச்ச?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. அதை விழுங்கினாள். "பொறாமை."

"யார் மேல?"

"உங்க அக்கா மேல. நீ எப்பப் பாத்தாலும் அங்கயே போய் உக்காந்துக்கற. வீட்டுல விளையாடினாலும் என்னை ஓரமா உக்காந்து சீல் குத்துன்னு சொல்லிட்ட."

சில்லு நின்றேவிட்டாள். அம்மாவுக்கு என்ன வந்தது என்பது போல் பார்த்தாள். "அக்காவுக்குச் சீல் குத்தத் தெரியாது மா. ஒரு தடவை குத்தினாங்க, தேதி தலைகீழா விழுந்துச்சு."

இவள் மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. செருப்பு வரிசைக்குப் பக்கத்தில், வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் புத்தகம் இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மருந்துக்கடையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்த சில்லுவின் அப்பா, மனைவியைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், உள்ளே போனார். முந்தின இரவே நடந்தது முழுவதும் கேட்டிருந்தார். தலைமையாசிரியையும் வந்து கரும்பலகையைப் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார். "திங்கட்கிழமை வந்து என்னைப் பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

தொடங்குவதற்கு முன்னால் கதை அக்கா வெளியே வந்தாள்.

"உள்ள வாங்க டீச்சர். உங்களுக்காகத்தான் அவ இவ்வளவும் செஞ்சா. நீங்க பாக்காம எப்படி?"

"அவ பேரை எழுதியிருந்தா அவ இங்கதானே உக்காந்திருப்பா" என்றாள் இவள். "நீ போம்மா. நேரமாச்சு."

முதல் தடவையாக அந்தப் பெண்ணை 'நீ' என்று சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. கதை அக்கா அதைக் கவனித்தாளோ என்னவோ, தலையாட்டிவிட்டுப் போனாள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. உள்ளே அந்தப் பெண்ணுக்குக் கை தட்டினபோது பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. ஒரே நாளில் போவதற்கு அது என்ன தலைவலியா?

பிறகு சில்லுவின் குரல் கேட்டது.

"புத்தகத்தின் பெயர், ஜோடி தேடிய செருப்பு. புத்தக எண், இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. வண்ணம், மஞ்சள்."

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். வெளியே இவள் சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கொடுக்கும்போது மேஜையில் தான் சொல்கிற அதே வரிசை, அதே நிறுத்தம்.

கதை ஆரம்பித்தது. மழை வந்தது, வெள்ளம் வந்தது, செருப்பு ஜோடியை விட்டுப் பிரிந்தது. கிழவன் குரல் இல்லை, ஆட்டுக்குட்டி குரல் இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து எடுத்து நேராக வைக்கிற மாதிரி வாசிப்பு. ஆனால் என்ன சத்தம்! பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பக்கத்தில் கதை அக்கா குனிந்து சொல்வது கேட்டது. "சில்லு, கொஞ்சம் மெதுவா படிடா. இங்க எல்லாருக்கும் நல்லாவே கேக்குது."

"இங்க கேட்டாப் போதுமா?" என்றாள் சில்லு. "வெளிய அம்மாவுக்குக் கேக்கணும்."

மூன்று வருஷத்தில் அந்தக் கேட்டுக்குள் சில்லு மூன்றாவது விதியை மீறியது அன்றைக்குத்தான். பெஞ்சில் இருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.